கை நுழையாத மூன்று வால்வுகள்

முக்குக் கடைத் தையல்காரருக்கு வாய் சும்மா இருக்காது. கால்சட்டை நீளத்தில் ஓர் அங்குலம் குறைக்க வந்தவரைக்கூட லேசில் விட மாட்டார். "உக்காந்து பாக்குற வேலையா, நின்னு பாக்குற வேலையா? மாடிப்படி ஏறுவீங்களா? செருப்பா, ஷூவா? பையில சாவி போடுவீங்களா, கையை விட்டுக்கிட்டு நிப்பீங்களா?" என்று வரிசையாகக் கேட்பார். வந்தவர் தன் வேலை, தன் மேலதிகாரி, தன் முட்டிவலி எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்க முடியும். கேட்டுத் தைத்த துணி பொய்க்காது என்பது அவர் கட்சி. பொய்த்ததும் இல்லை. அவர் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி நடந்தவர் அந்தத் தெருவில் ஒருவரும் கிடையாது.

இத்தனை கேள்வி கேட்கிற மனிதர், ராத்திரி கடையைப் பூட்டும்போது கேள்விகளையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவார். வீட்டில் அவருக்கு எல்லாம் தெரியும். எந்த ஜன்னலுக்கு எந்த நிறத் திரை, எந்த மூலையில் எந்த நாற்காலி, எல்லாவற்றையும் அவரே முடிவு பண்ணி, முடித்துவிட்டு, வந்து சொல்லுவார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மனைவிக்கு எதற்கு வீண் சிரமம் என்கிற நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் உள்ளவர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது நடத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. நாலு பேர் நாலு இடத்தில் குத்திப் பார்த்துக் கைவிட்ட நோயாளியைக் கடைசியில் அவளிடம்தான் அனுப்புவார்கள். அவள் நோயாளியின் கையைப் பார்க்கக்கூட மாட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்து ஒரு தடவு தடவி, "இங்க இருக்கு" என்பாள். ஊசி இறங்கினது நோயாளிக்கே தெரியாது. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய்ப் பகல் ஒரு மணிக்குத் திரும்புவாள். தையல்காரர் ஒன்பது மணிக்குக் கடை திறந்து ராத்திரி ஒன்பதுக்கு மூடுவார். இவர் சாப்பிட உட்காரும்போது அவளுக்குக் கொட்டாவி வரும். முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது பெரும்பாலும் பாதித் தூக்கத்தில்தான்.

அது தையல்காரருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவளோடு நாலு நாள் முழுசாக, இரண்டு பேரும் விழித்திருக்கிற நேரத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் அப்படி ஓர் ஆசை. ஆசையைச் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காருக்குப் பின்னால் ஒரு குட்டி டிரெய்லர் வீட்டைக் கோத்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "வாங்கிட்டேன்" என்றார்.

ஊசியக்கா வெளியே வந்து பார்த்தாள். இரண்டு பேர் கைக்குமேல் மாறி வந்த வண்டி. கடைசிக் கோடியில் ஒரு கட்டில், நடுவில் மடக்கு மேசை, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு குளியலறை. குளியலறை என்று சொல்வது மரியாதைக்கு. உள்ளே சோப்பு கீழே விழுந்தால் வெளியே வந்து குனிந்துதான் எடுக்க வேண்டும்.

"எதுக்கு இது?" என்று கேட்டாள்.

"ஊர் சுத்த. நம்ம ரெண்டு பேரும். கடல் பக்கம் போறோம்."

போனார்கள். முதல் நாள் காலையில் ஊசியக்கா குளிக்கப் போனாள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் பக்கத்தில் இதே மாதிரி வண்டி நிறுத்தியிருந்தவர் ஓடிவந்து கதவைத் தட்டினார். வெந்நீர்க் குழாயில் வந்தது பச்சைத் தண்ணீர். ஹீட்டர் எரிகிறது, கொழுந்துவிட்டு எரிகிறது, குழாயில் மட்டும் வெந்நீர் வரவில்லை. அந்தப் பயணம் முழுக்கக் கெட்டிலில் தண்ணீர் வைத்து மொண்டு ஊற்றிச் சமாளித்தாள். அடுத்த வருஷம் தையல்காரர் காஸ் சிலிண்டரை மாற்றி, அடுப்புக் குழாயை மாற்றி, "எல்லாம் சரி பண்ணிட்டேன்" என்று மறுபடி கடலுக்கே கூட்டிப்போனார். மறுபடி பச்சைத் தண்ணீர்.

திரும்பி வந்த அன்று, பையைக்கூட இறக்காமல் ஊசியக்கா சொன்னாள்: "அடுத்த வருஷம் இந்தக் குழாய்ல வெந்நீர் வந்தா நானும் வரேன். வராட்டி நீங்க மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு வீட்ல நல்லா வருது."

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் பேசினதுதான். தையல்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "நீ வராட்டி பரவாயில்ல. எனக்கென்ன, தனியாவே போயிட்டு வரேன்" என்றார். அது பச்சைப் பொய். அந்த மடக்கு மேசைக்கு எதிரில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்படிச் சபதம் போட்டால் மறுநாளே வேலையை ஆரம்பிக்க வேண்டுமா இல்லையா? அவர் ஆரம்பிக்கவில்லை. கல்யாண சீசன், பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரிக்காரர்களின் வெள்ளைக் கோட்டு என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. வாடிக்கையாளரிடம் நாளை, நாளை மறுநாள் என்று சொல்லிப் பழகின வாய் தனக்கும் அதையே சொல்லிக்கொண்டது. திங்கட்கிழமை விடுமுறை ஆரம்பம் என்கிற நிலையில், சனிக்கிழமை காலையில்தான் கடையைச் சாத்திவிட்டு டிரெய்லருக்குள் நுழைந்தார். ஊசியக்கா வேலைக்குப் போயிருந்தாள். ஒரு மணிக்கு வந்துவிடுவாள்.

ஹீட்டரைப் பற்ற வைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, அதன் உடம்பைத் தொட்டுப் பார்த்தார். கை சுட்டது. குழாயைத் திறந்தார். பச்சைத் தண்ணீர். இதென்ன மாயம் என்று தலையைச் சொறிந்துகொண்டு, டிரெய்லர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "வெளிப் பக்கம் ஹீட்டர்லேந்து சொட்டுச் சொட்டா தண்ணி வருதா?"

"வருது. வேர்க்குதுன்னு நெனச்சேன்."

"வேர்க்கல. உள்ள இருக்கற தண்ணி போக வழி இல்லாம முட்டி, பாதுகாப்பு வால்வு வழியா வருது. அது மட்டும் இல்லேன்னா தொட்டி பிளந்துருக்கும். மொதல்ல ஹீட்டரை அணைங்க." அணைத்துவிட்டு வந்ததும் தொடர்ந்தார். "குளிர்காலத்துல தண்ணி உறைஞ்சுடக் கூடாதுன்னு, பழைய சொந்தக்காரர் வால்வைத் திருப்பி வெச்சிருக்கார். குழாய்த் தண்ணி தொட்டிக்குள்ள போகாம சுத்தி வளைச்சு ஓடுது. தொட்டில இருக்கற தண்ணி தொட்டிலயே இருக்கு. ரெண்டு வருஷமா ஒரே தண்ணியைத்தான் காய்ச்சிக்கிட்டு இருக்கீங்க."

தையல்காரருக்கு மானம் போயிற்று. நல்லவேளை, போனில்தான் போயிற்று. "இப்ப என்ன பண்ணணும்?"

"ரொம்பச் சுலபம். மூணு வால்வு இருக்கும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு. மேலயும் கீழயும் மூடியிருக்கும், அதைத் திறங்க. நடுவுல திறந்திருக்கும், அதை மூடுங்க. கைப்பிடி குழாயோட நீளவாக்குல இருந்தா திறப்பு, குறுக்க இருந்தா மூடல். அவ்வளவுதான்."

"எங்க இருக்கு?"

"ஹீட்டருக்குப் பின்னால. வெளிய ஹீட்டர் மூடிக்கு நேரா நின்னு பாத்தா, வலது ஓரம்."

"அங்க எப்படிக் கை போகும்?"

"அதை வண்டி கட்டினவன்தான் சொல்லணும். நான் வரதுன்னா மூணு வாரம் ஆகும். வந்தாலும் அந்த மாதிரி வண்டில என் கை நுழையாது. போன தடவை ஒரு வீட்ல உள்ள விட்டுட்டு எடுக்க முடியாம அரை நாள் கிடந்தேன். அந்த வீட்டம்மா டீ கொடுத்தாங்க. இடது கையால குடிச்சேன்."

தையல்காரர் போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். கட்டிலுக்கு அடியில் மூன்று பாகம். இடது பக்கம் அவருடைய துணி வைக்கிற இழுப்பறை. வலது பக்கம் ஊசியக்காவின் துணி அலமாரி. நடுவில், நாலு பக்கமும் அடைத்த ஒரு பலகைப் பெட்டி. ஹீட்டர் அதற்குள்தான் இருந்தது. முகம் வெளிச் சுவரைப் பார்த்தபடி, முதுகு உள்பக்கம். பெட்டியின் முன்பலகை முழுக்க மின்சார போர்டு. அதைக் கழற்றினால் விடுமுறை இருட்டில்தான். போர்டுக்குக் கீழே மட்டும், தரையை ஒட்டி, ஓர் ஒல்லிச் சந்து இருந்தது. வண்டி கட்டின புண்ணியவான் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்த வழி அது ஒன்றுதான்.

தையல்காரர் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, கையை அந்தச் சந்துக்குள் விட்டார். விரல் போயிற்று, உள்ளங்கை போயிற்று, மணிக்கட்டில் நின்றுவிட்டது. ஊரார் உடம்பையெல்லாம் அளந்தவர் தன் முன்கை எத்தனை பெருத்திருக்கிறது என்பதை அன்றுதான் அளந்தார். இஞ்சு டேப்பை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். டேப்பின் மறுமுனையும் கையை விட்டு வழுக்கி உள்ளே போய்விட்டது. மர ஸ்கேலில் நூல் சுருக்குப் போட்டு, டேப்பைப் பிடிக்கப் பார்த்தார். சுருக்கு மட்டும் திரும்பி வந்தது, ஸ்கேல் வரவில்லை. பத்தரை மணிக்கு, மேலும் எதையும் இழக்க விருப்பமில்லாமல் எழுந்து, மச்சினனுக்குப் போன் போட்டார்.

மச்சினன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். உலகத்தில் உள்ள கருவி எல்லாம் அவனிடம் இருக்கும், ஒன்றையும் தொட்டிருக்க மாட்டான். பெட்டி பிரிக்காத மின்ரம்பத்தோடு வந்து இறங்கினான்.

"பலகையை வெட்டி ஒரு ஜன்னல் வெச்சுடலாம் மாப்ள. ரெண்டு கையும் போற மாதிரி" என்றார் தையல்காரர்.

"அக்காவைக் கேட்டீங்களா மாமா?"

"அவளுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

வெட்டுவது என்று வந்துவிட்டால் தையல்காரர் வேறு ஆள். துணியோ பலகையோ, அளவு வரைந்த காகித வார்ப்பு இல்லாமல் கத்தி வைக்க மாட்டார். செய்தித்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஹீட்டர் மூடிக்கு நேராக நின்று, அதன்மேல் தாளை ஒட்டி, உயரம் குறித்து, அகலம் குறித்து, மெக்கானிக் சொன்ன வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு கை படம் போட்டார். மச்சினன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணையும் இரண்டாவது தரம் கூட்டிப் பார்த்து, "சரியா வருது மாமா" என்றான். பிறகு தையல்காரர் உள்ளே வந்து கட்டிலுக்கு எதிரில் நின்று, படம் தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி தாளைப் பிடித்து, கை எந்தப் பக்கம் என்று பார்த்தார். வலது பக்கம். ஊசியக்காவின் அலமாரியைக் காலி பண்ணித் துணிகளைக் கட்டில்மேல் அடுக்கினார். அலமாரிக்கும் ஹீட்டர் பெட்டிக்கும் நடுவில் இருந்த பலகையில் சாக்கட்டியால் கோடு போட்டார். மூலைகளைத் துணிக்குச் செய்வது போல வளைத்தார். பழக்க தோஷத்தில், பிற்பாடு பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று அரை அங்குலம் உள்ளே தள்ளியே கோடு போட்டார். பலகையைப் பிரித்துவிட முடியாது என்பது மச்சினனுக்கும் தோன்றவில்லை.

வெட்டினார். அழகான ஜன்னல். விளிம்பை உப்புத்தாள் போட்டு இழைத்து, தூசியை ஊதி, டார்ச்சு அடித்துப் பார்த்தார். தொட்டியின் மொட்டை முதுகு தெரிந்தது. அதன் காலடியில் டேப்பும் ஸ்கேலும் சௌக்கியமாகக் கிடந்தன. மூன்று வால்வும் அந்தப் பக்கக் கோடியில், இடது ஓரத்தில் சிவப்பாகத் தெரிந்தன.

தையல்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மச்சினன் தாளை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "மாமா, வெளிய வலதுன்னா உள்ள இடது இல்லையா? தாளைத் திருப்பிப் போட்டிருக்கணுமோ?"

தையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சட்டைக்கு இரண்டு கை வெட்டும்போது வார்ப்பை ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் இரண்டும் இடக் கையாக வந்து தொலைக்கும். புதுசாக ஊசி பிடிக்கிறவன் செய்கிற தப்பு. முப்பத்தைந்து வருஷத்தில் தான் ஒரு தடவைகூட அதைச் செய்ததில்லை என்று கடையில் சொல்லிச் சொல்லி மீசையை முறுக்கிக்கொண்டவர் அவர். எதிர்த் தெருத் தையல்காரர் எப்போதோ ஒரு தடவை செய்ததற்கு இவர் இன்றுவரை அவரை இடக்கை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.

"மாப்ள, இது இந்த வண்டியை விட்டு வெளிய போகக் கூடாது" என்றார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா" என்றான் மச்சினன். அவன் முகத்தைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவான் என்று தெரிந்தது.

வந்தது வரட்டும் என்று தையல்காரர் அலமாரிக்குள் தலையை விட்டுப் படுத்து, ஜன்னல் வழியாக வலது கையைத் தோள் வரைக்கும் நீட்டினார். விரல் நுனி கீழ் வால்வைத் தொட்டது. கைப்பிடியைத் தள்ளினார். பிளாஸ்டிக் குழாய். தள்ளின பக்கமெல்லாம் ஆமாம் சாமி போட்டு வளைந்து கொடுத்ததே தவிர, கைப்பிடி மசியவில்லை. ஒரு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் திருப்ப வேண்டும். இன்னொரு கைக்கு ஜன்னலில் இடம் இல்லை. அந்த அரை அங்குலம் மட்டும் இருந்திருந்தால் என்று நினைத்துப் பல்லைக் கடித்தார்.

"இடது பக்கமும் ஒரு ஜன்னல் வெட்டிடலாமா மாமா?" என்று மச்சினன் ரம்பத்தை எடுத்த நேரத்தில், வாசலில் ஊசியக்கா வந்து நின்றாள்.

கட்டில்மேல் தன் துணிகள், அலமாரியில் ஓர் ஓட்டை, அலமாரிக்கு வெளியே புருஷனின் இரண்டு கால்கள். அவள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தையல்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"தம்பி, நீ ரம்பத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றாள். அவன் போனதும் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, "என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றாள்.

தையல்காரர் அலமாரிக்குள்ளிருந்தே சொன்னார். மேல் ஒன்று, கீழ் ஒன்று, நடுவில் ஒன்று; குழாய் வளைகிறது; சந்தில் கை போகவில்லை. வார்ப்பைத் திருப்பிப் போட மறந்ததை மட்டும் சொல்லவில்லை.

ஊசியக்கா சட்டைக் கையை மடித்துவிட்டு, மின்சார போர்டுக்கு முன்னால் குப்புறப் படுத்தாள். அவர் கையை மணிக்கட்டில் நிறுத்தின அந்தச் சந்துக்குள் அவள் கை முழங்கையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. முகம் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

"ஒரு குழாய் வெதுவெதுன்னு இருக்கு" என்றாள்.

"அது மேல் குழாய். வெந்நீர் வர வழி."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"இந்தா, இங்க. குழாயைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ கைப்பிடியைத் திருப்பு."

ஊசியக்கா தடவினாள், ஒன்றைப் பிடித்தாள், ஒரே முறுக்காக முறுக்கினாள்.

"அது என் விரல்" என்றார் தையல்காரர், குரல் ஒரு மாதிரியாக.

"சொல்லக் கூடாதா? கெட்டியா இருந்துச்சு, வால்வுன்னு நெனச்சேன்." அவள் விரலை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். அவர் குழாயை அசையாமல் பிடிக்க, அவள் திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம். மேல் வால்வு திறந்தது. அடுத்து கீழ் வால்வு. அது கொஞ்சம் சண்டை போட்டது. அவர் பிடிக்கிற இடத்தை மாற்றச் சொல்லி, "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட, போதும்" என்று அவளே வழி சொல்லித் திருப்பிவிட்டாள். நடு வால்வு மூட வேண்டியது. அதையும் மூடினாள். மூன்றும் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகவில்லை. அந்த ஜன்னல் சரியான பக்கத்தில் வந்திருந்தால் தையல்காரர் தனியாகவே முடித்துவிட்டு, "சரி பண்ணிட்டேன்" என்று வாசலில் நின்றிருப்பார்.

வேலை முடிந்தும் ஊசியக்கா கையை எடுக்கவில்லை. அவள் இரண்டு விரல் அவர் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. தையல்காரருக்கு முதலில் என்னவென்று புரியவில்லை. புரிந்தபோது கையை இழுக்கப் பார்த்தார். ஜன்னல் விளிம்பு இடித்தது.

"நூத்திப் பத்து" என்றாள் ஊசியக்கா.

"என்னது?"

"நாடி. தனியா போறதுல எனக்கென்னன்னு போன வருஷம் சொன்னீங்க. நூத்திப் பத்து ஓடுது."

"படுத்துக்கிட்டே வேலை பாத்தா அப்படித்தான் ஓடும்."

"படுத்தா குறையும்" என்றாள் அவள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளிடம் அதற்குமேல் வாதம் பண்ண முடியவில்லை. அவர் அலமாரிக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்.

தண்ணீர் பம்பைப் போட்டார்கள். குழாய் இருமியது, துப்பியது, காற்றை விட்டது, பிறகு சீராக ஓடியது. தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு ஹீட்டரைப் பற்ற வைத்து அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த அரை மணியில் தையல்காரர் குட்டி போட்ட பூனை மாதிரி வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்தார். பிறகு ஊசியக்கா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். ஆவி வந்தது. கையை நீட்டினாள். அவரும் பின்னாலிருந்து கையை நீட்டினார். சுட்டது. சுகமாகச் சுட்டது.

அவள் குழாயை மூடினாள். "நல்லா சுடுது" என்றாள். வெளியே வந்து, கட்டில்மேல் கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

தையல்காரர் வாசலில் நின்றார். இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று பார்த்தார். அவள் இரண்டு துணி மடித்தாள், மூன்றாவதை எடுத்தாள். வெந்நீர் வந்தும் அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை.

"அப்ப திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கிளம்பிடறோம்" என்று அவரே ஆரம்பித்தார். "கடல்கிட்ட அதே இடம். எல்லாம் முடிவு பண்ணிட்டேன்."

ஊசியக்கா மடித்துக்கொண்டே இருந்தாள்.

"வெந்நீர் வந்தா வரேன்னு சொன்ன."

"சொன்னேன்." அவள் நிமிர்ந்தாள். "எனக்கு இந்த வண்டில எத்தனையோ குறை. ஒண்ணு சொன்னாலும் உங்க மனசு நோகும்னு தெரியும். அதனால இருக்கறதுலயே சின்னக் குறையா ஒண்ணைப் பொறுக்கி எடுத்துச் சொன்னேன். வெந்நீர்னு சொன்னா ஒரு நாள்ல சரி பண்ணிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க மூணாவது வருஷமும் கட்டிலுக்கு அடியிலயே கிடக்கீங்க."

"பெரிய குறை எது?"

"வாங்கிட்டேன்னு சொன்னீங்க. போறோம்னு சொன்னீங்க. கிளம்பறோம்னு சொல்றீங்க. கடைக்கு வர்றவங்களை எல்லாம் கேக்குறீங்க, மாடிப்படி ஏறுவீங்களா, சாவி எந்தப் பையில போடுவீங்கன்னு. என்னை ஒரு தடவை, வரியான்னு கேட்டிருக்கீங்களா?"

தையல்காரருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உனக்காகத்தானே எல்லாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த வார்த்தையை அவர் விழுங்கினார். யோசித்துப் பார்த்தார். கேட்ட ஞாபகம் ஒன்றாவது கிடைக்குமா என்று முப்பத்தொரு வருஷத்தையும் துழாவினார். வெட்கமாக இருந்தது. கட்டில் ஓரத்தில், அவள் மடித்து வைத்த துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ வரியா?" என்று கேட்டார்.

இரண்டே வார்த்தை. ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனம் கனத்தது. அவள் கையில் இருந்த துணியை மடித்து முடித்தாள். கடைக்கு வந்து முழுசாக ஒரு மணி நேரம் யோசிக்கிற வாடிக்கையாளரைக்கூடப் பொறுத்துக்கொண்ட மனிதருக்கு அந்த அரை நிமிஷம் பொறுக்க முடியவில்லை.

"வரேன்" என்றாள். "ஆனா கடலுக்கு வேண்டாம்."

"ஏன்?"

"எனக்குக் கடல் பிடிக்காது."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே பிடிக்காது. அந்தச் சத்தம் ஓயவே மாட்டேங்குது. ராத்திரி தூக்கம் வராது."

தையல்காரர் திருதிருவென்று விழித்தார். இரண்டு வருஷமாகக் கடலுக்கு எதிரில் நாற்காலி போட்டு, அவளை உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தது அவர்தான். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"எங்க போகணும்?"

"மலைப்பக்கம். ஆள் இல்லாத இடமா. சும்மா உக்காந்துருக்கணும்."

"சரி" என்றார். உடனே சாலையை, பெட்ரோலை, ஏற்றத்தை எல்லாம் முடிவு பண்ணிவிட மனசு துள்ளியது. அதைப் பிடித்து உட்கார வைத்தார். அவருக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டார். "வேற என்ன பிடிக்காது உனக்கு?"

ஊசியக்கா அவரைப் பார்த்தாள். நோயாளியின் கையைப் பார்க்காதவள், இவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். தாங்குவாரா மாட்டாரா என்று பார்க்கிற பார்வை அது.

"நிஜமாவே கேக்குறீங்களா?"

"கேக்குறேன்."

அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து எடுத்துப் போட்ட சட்டைகள் பன்னிரண்டும் அங்கே இருந்தன. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுடைய சட்டைகள் அத்தனையையும் அவர்தான் தைத்துக் கொடுக்கிறார், ஒவ்வொன்றிலும் கை நேர்த்தி தெரிய. மேலே இருந்த ஒன்றை எடுத்து மடியில் விரித்து, கழுத்துப் பக்கத்தை விரலால் தடவினாள்.

"மொதல்ல, இந்தக் காலர்" என்றாள்.